இது வேலையே அல்ல, தம்பி

2018 மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு செலவு மசோதாவை நிறைவேற்றியது. 2,232 பக்கம். 1.3 லட்சம் கோடி டாலர். புதன்கிழமை இரவு வெளியே வந்தது; வெள்ளிக்கிழமை அதிபர் டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை முழுதும் படித்த உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவருக்கு வாஷிங்டனில் சிலையே வைக்கலாம்.

அதன் 1,967ஆம் பக்கத்தில் பேஸ்பால் இருந்தது. ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம் சட்டம்’ என்று பெயர். யாரிடமிருந்து காக்க? பந்து எறிகிறவனிடமிருந்து. அவன் கூலி கேட்டுவிட்டான்.

சட்டம் சொல்வது எளிது. மைனர் லீக் ஆட்டக்காரனுக்கு வாரத்துக்கு 40 மணி நேரத்தின் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தால் போதும். அவன் அறுபது மணி நேரம் உழைத்தாலும் எழுபது மணி நேரம் உழைத்தாலும் கணக்கில்லை. அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டும். பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குக் காசு கிடையாது. பருவம் முடிந்த பிறகு உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ளும் மாதங்களுக்கும் கிடையாது. அந்நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இல் அங்கே வந்து நின்றது, இன்னும் நகரவில்லை. 40ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 290 டாலர். மாதத்துக்கு 1,160. அதற்கு முன்பு கீழ்நிலை ஆட்டக்காரனின் சம்பளம் மாதம் 1,100. ஆக, உலகின் மிக வலிமையான நாடாளுமன்றம் கூடி, விவாதமே இல்லாமல், ஒரு தொழிலாளிக்கு மாதம் 60 டாலர் உயர்த்தித் தந்தது. தந்த கையோடு அவன் நீதிமன்றத்துக்குப் போகும் கதவையும் சாத்தப் பார்த்தது.

இந்த மசோதா முதலில் 2016இல் தனியாக, வெளிச்சத்தில் வந்தது. கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியில் ஒருவர், ஜனநாயகக் கட்சியில் ஒருவர். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இதில் ஒத்துப்போயின. ஊர் சிரித்தது. ஜனநாயகக் கட்சிக்காரர் சில நாளிலேயே கையை விலக்கிக்கொண்டார். அத்தோடு செத்தது என்று நினைத்தார்கள். சாகவில்லை. 1,967ஆம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அந்த ஆண்டுகளில் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு வாஷிங்டனில் லாபி வேலைக்குச் செலவழித்தது ஆண்டுக்கு 13 லட்சம் டாலருக்கு மேல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் அந்தத் தொகை. கூலி கொடுக்கக் காசில்லை. கூலி கொடுக்காமல் இருக்கச் செலவழிக்கக் காசு இருக்கிறது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜர் லீகில் 30 அணிகள். டிவியில் வருவது அவை. ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகக் கிளை அணிகள்: ஆகக் கீழே ரூக்கி, பிறகு சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, மேல்படியில் டிரிபிள் ஏ. இந்தக் கிளைகள்தான் மைனர் லீக். பந்தெறிகிற இளைஞன், அதாவது பிட்சர், கீழ்ப்படியில் கால் வைத்து ஏறத் தொடங்குகிறான். பெரும்பாலோர் உச்சிக்குப் போவதில்லை. பாதியில் தோள் போகும், முழங்கை போகும், அல்லது மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் பேசி முடித்து அனுப்பிவிடுவார்.

இவர்களை யாரும் பார்ப்பதில்லை என்று எண்ண வேண்டாம். 2019இல் மைனர் லீக் மைதானங்களுக்குச் சீட்டு வாங்கி வந்தவர்கள் நாலு கோடிக்கும் மேல். அதே காலத்தில் மேஜர் லீகின் ஆண்டு வருமானம் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இனி அந்தச் சட்டத்துக்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். சம்பளம் உயர்ந்தால் சின்ன ஊர்களின் அணிகள் திவாலாகுமாம். மைதான விளக்குகள் அணைந்துபோகுமாம். கண்ணீர் வர வேண்டிய இடம். ஒரே ஒரு சிக்கல். சின்ன ஊர் அணி முதலாளி ஆட்டக்காரனுக்குச் சம்பளமே கொடுப்பதில்லை. கொடுப்பது மேலே இருக்கும் மேஜர் லீக் அணி. கோடீஸ்வரனின் பணப்பையைக் காப்பாற்ற, சின்ன ஊரின் பெட்டிக்கடைக்காரரை முன்னே தள்ளி அழவைத்தார்கள்.

சரி, அந்தச் சின்ன ஊர்களாவது பிழைத்தனவா? சட்டம் வந்து மூன்றாண்டு முடிவதற்குள் மேஜர் லீக் தன் கிளை அணிகளை 160இலிருந்து 120 ஆக வெட்டியது. எந்த ஊர்களுக்காக அழுதார்களோ அதே மாதிரி நாற்பது ஊர்கள். காப்போம் சட்டம் காத்த லட்சணம் இது.

கூலி கொடுக்காததற்கு ஒரு தத்துவமும் தயார். 2016இல் மேஜர் லீக் அதிகாரபூர்வமாகவே அறிவித்தது: மைனர் லீகில் ஆடுவது ஒருவர் வாழ்நாள் தொழிலாகக் கொள்ளத்தக்கது அல்ல, அது குறுகிய காலப் பருவப் பயிற்சி, தேறினால் மேலே வரலாம், தேறாவிட்டால் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பயிற்சிதானே, தம்பி, இதற்கெல்லாமா கூலி?

பயிற்சிதான் என்றால், அவனிடம் ஏழு பருவங்களுக்கு எழுதி வாங்கியது ஏன்? அந்த ஏழு பருவத்தில் அவன் வேறு அணிக்குப் போக முடியாது. பக்கத்து அணி இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் முடியாது. அணி அவனை வேறு அணிக்குக் கைமாற்றலாம். அவனைக் கேட்க வேண்டியதில்லை. எந்த நாளும் வெளியே அனுப்பலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டு அவனுக்கு மட்டும். பயிற்சிக்கு வந்த பிள்ளையை விற்று லாபம் பார்க்கிற பள்ளிக்கூடம் உலகில் இது ஒன்றுதான்.

இந்தத் தத்துவத்தின் உச்சக்கட்டம் 2022 பிப்ரவரியில், நீதிமன்றத்தில் அரங்கேறியது. வசந்தகால முகாமில் ஆட்டக்காரர்களுக்கு ஏன் சம்பளம் தரவில்லை என்று கேள்வி. லீகின் வழக்கறிஞர் எழுந்தார். அவர்கள் பயிற்சி பெறுகிறவர்கள், அங்கே அவர்கள் பெறும் பயிற்சியின் மதிப்பு வாரத்துக்கு 2,200 டாலர் என்றார். வெளியே தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தால் அவ்வளவு ஆகுமாம். கணக்கைப் புரிந்துகொண்டீர்களா? கொடுக்க வேண்டியது போக, வர வேண்டிய பாக்கி இருக்கிறது! ஆறு வாரம் சும்மா வேலை செய்துவிட்டுப் போகும்போது பையன் கவுண்டரில் 13,200 டாலர் கட்டிவிட்டுப் போக வேண்டும் போலிருக்கிறது. அந்த வழக்கறிஞரும் பயிற்சிக்காகத்தான் வாதாடியிருப்பார். ஃபீஸ் வாங்கியிருக்க மாட்டார் என்று நம்புவோம்.

இனி அந்தப் ‘பயிற்சி’ எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

இரவு ஏழு மணி ஆட்டத்துக்கு மதியமே மைதானத்தில் இருக்க வேண்டும். ஓட்டம், எடைப்பயிற்சி, பந்தெறி, வீடியோ, கூட்டம். ஆட்டம் முடியப் பத்து, பத்தரை. வெளியூர் ஆட்டம் என்றால் அதற்கப்புறம் பஸ். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். இறங்கினால் மறுபடி ஆட்டம். வெளியூரில் சாப்பாட்டுப்படி நாளுக்கு 25 டாலராக இருந்தது. உள்ளூரில் குடியிருப்பு அவன் பாடாக இருந்தது. 2022இல்தான் லீக் வீட்டுச் செலவை ஏற்றது. அதுவரை இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், தரையில் காற்றடைத்த மெத்தைகள். திடீரென்று ஒருவனை வேறு ஊர்ப் படிக்கு மாற்றுவார்கள். புது ஊரில் அவன் இடம் தேடுவான். பழைய ஊரில் மிச்சம் ஐந்து பேர் அவன் பங்கு வாடகையையும் சேர்த்துக் கட்டுவார்கள். பருவம் முடிந்ததும் ஒருவன் கிடங்கில் பெட்டி தூக்குவான், ஒருவன் ஊபர் ஓட்டுவான். மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்தெறிகிற கை அது. பதினைந்து வயதிலிருந்து வேறு எதற்கும் பழக்காத கை.

அந்தக் கைதான் அவன் சொத்து. அதுவும் நிலைக்காத சொத்து. மனிதத் தோளும் முழங்கையும் அந்த வேகத்துக்குப் படைக்கப்பட்டவை அல்ல. 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற மேஜர் லீக் பிட்சரின் அறுந்த முழங்கை நாணுக்குப் பதிலாக அவருடைய முன்கையிலிருந்தே ஒரு நாணை எடுத்து வைத்துத் தைத்தார். அது அந்தக் காலத்து அதிசயம். இன்று இருபது வயதுப் பையன்களுக்கு வாடிக்கை. செய்துகொண்டவன் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழித்துத்தான் மறுபடி ஆட வருகிறான். வேகம் கேட்பது அணி. வேகத்தைப் பார்த்துத்தான் பதவி உயர்வு. அறுவது மட்டும் அவன் கை.

இதில் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டன் ஊர்க்காரர். இடக்கைப் பிட்சர். உலகத்தில் அவரைவிட வேகமாகப் பந்தெறிந்தவர் யாரும் இல்லை என்று எதிரே மட்டையோடு நின்றவர்கள் கடைசிவரை சாதித்தார்கள். 1957இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி அவரைச் சேர்த்தது. 1960இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் கிளை அணிக்கு ஆடியபோது 170 இன்னிங்சில் 262 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். அதே பருவத்தில் 262 பேரை, பந்தைக் கண்டபடி எறிந்து, இனாமாக நடக்க விட்டார். அவருடைய கதை முழுவதும் அந்த இரட்டை எண்ணில் இருக்கிறது. ஒருவழியாகக் குறி படிந்தது. 1963 மார்ச்சில் மேஜர் லீக் அணியோடு போவது உறுதி என்ற நிலையில், முகாம் ஆட்டம் ஒன்றில் முழங்கை போயிற்று. ஜோப்பின் கத்திக்கு இன்னும் பதினோரு வருஷம் இருந்தது. மேஜர் லீகில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. பிறகு கலிஃபோர்னியாவில் பண்ணைக் கூலியாகக் காய் பறித்தார், குடித்தார். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தார். அவரை மனத்தில் வைத்துத்தான் 1988இல் ‘புல் டர்ஹாம்’ படத்தின் முரட்டுப் பிட்சர் பாத்திரம் உருவானது. படம் நன்றாக ஓடியது. அமெரிக்கர்கள் மைனர் லீகை நினைத்தால் இன்றும் அந்தப் படத்தை நினைத்துத்தான் நெக்குருகுகிறார்கள். பழைய பஸ், மங்கிய விளக்கு, கனவு காணும் இளைஞர்கள்! வறுமையைத் திரையில் பார்ப்பதைப் போல இதமான பொழுதுபோக்கு வேறில்லை.

கனவு விற்பனை நம் பக்கத்துக்கும் வந்தது. 2008இல் ஓர் அமெரிக்க ஏஜென்ட் இந்தியாவில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு டிவி போட்டி நடத்தினார். பத்து லட்சம் டாலர் கை! உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் தேறினார்கள். ஜெயித்த ரிங்குவுக்குக் கிடைத்தது ஒரு லட்சம் டாலர். மீதி ஒன்பது லட்சம் தலைப்பிலேயே தங்கிவிட்டது. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இதை வைத்து 2014இல் டிஸ்னி படம் எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரகுமான். ஒப்பந்தம் கிடைத்த இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. புத்திசாலித்தனமான முடிவு. அதற்கு மேல் காட்டினால் பஸ்ஸையும் முழங்கை அறுவையையும் காட்ட வேண்டியிருக்கும். தினேஷை இரண்டு வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். ரிங்கு வருஷக்கணக்கில் போராடியும் சிங்கிள் ஏ-க்கு மேல் நிலைக்கவில்லை. கை அறுவைக்குப் போனது. கடைசியில் மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்து வீர் மஹான் ஆனார். முறைப்பதற்கும் உறுமுவதற்கும் அங்கே ஒழுங்காகச் சம்பளம் உண்டு.

ஏன் மைனர் லீக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போனார்கள். போனவர்களுக்குக் குறுக்கே நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தீர்ப்பு நின்றது.

1922இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் படம் மாட்டிவைக்கும் பெரிய நீதிபதி. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச்சட்டம் அதைத் தொடாது என்றார் அவர். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறிப் போய், டிக்கெட் விற்று ஆடுவது வணிகமில்லை. ரயில் பயணம் தற்செயலாம். அமெரிக்காவில் வேறெந்தத் தொழில்முறை விளையாட்டுக்கும் கிடைக்காத வரம் இது.

1949இல் ஜார்ஜ் டூல்சன் என்ற மைனர் லீக் பிட்சர் இருந்தார். நியூயார்க் யாங்கீஸின் நியூவார்க் கிளையில், மேல்படியில் ஆடிக்கொண்டிருந்தார். கீழே பிங்காம்டனுக்குப் போ என்றார்கள். மாட்டேன் என்றார். வேறெங்கும் ஆட முடியாதபடி தடைப்பட்டியலில் போட்டார்கள். வழக்குப் போட்டார். 1953இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று கையை விரித்தது: இந்தச் சலுகை முப்பது வருஷமாக இருக்கிறது, நாடாளுமன்றம் மாற்றவில்லை, நாங்கள் ஏன் மாற்ற வேண்டும்? அநியாயம் பழையதாகிவிட்டால் அது பாரம்பரியம்.

1972இல் மேஜர் லீக் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட்டின் வழக்கு. இந்தச் சலுகை முறைகேடான விதிவிலக்கு என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, அதையே உறுதி செய்தது. தீர்ப்பின் முன்பகுதியில் நீதிபதி பிளாக்மன் தமக்குப் பிடித்த பழைய ஆட்டக்காரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி மகிழ்ந்தார். நீதி கேட்டு வந்தவனுக்கு ரசிகர் மன்ற நோட்டீஸ் கிடைத்தது.

1998இல் நாடாளுமன்றம் விழித்தது. ஃபிளட்டின் பெயரிலேயே ஒரு சட்டம். மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்குப் பாதுகாப்பு. மைனர் லீக் ஆட்டக்காரனுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே தெளிவாக எழுதி வைத்தார்கள். மறந்து விட்டதல்ல, நினைத்து விட்டது. 2017இல் மைனர் லீக்காரர்கள் மறுபடி ஏகபோகத்தைக் கேள்வி கேட்டபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1922ஐத் தூசு தட்டி எடுத்துக் காட்டியது.

கர்ட் ஃபிளட் தலைமுறைக்குப் பிறகு மேஜர் லீக்காரர்கள் யூனியன் பலத்தால் கரையேறிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2019 டிசம்பரில் கெரிட் கோல் என்ற பிட்சர் யாங்கீஸுடன் 9 ஆண்டுக்கு 32.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 3.6 கோடி. ஒரு பருவத்தில் சுமார் மூவாயிரம் பந்து எறிகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு பந்துக்கு 12,000 டாலர். 2022இல் சிங்கிள் ஏ பிட்சரின் ஆண்டுச் சம்பளம் சுமார் 11,000. கோல் ஒரு பந்தை வீணாக எறிந்தால், கீழே ஒரு வருஷம் முழுவதும் உழைத்தவனைவிட அதிகம் சம்பாதித்துவிடுகிறார்.

பொதுப்பணம் எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுவோம். டால்கோவ்ஸ்கியின் நியூ பிரிட்டனில் ஒரு மைனர் லீக் அணி இருந்தது. பக்கத்து ஹார்ட்ஃபோர்ட் நகரம் அதற்கு ஆசைப்பட்டது. வா, புது மைதானம் கட்டித் தருகிறேன் என்றது. 5.6 கோடி டாலர் என்று ஆரம்பித்த செலவு 7.1 கோடியில் போய் நின்றது. 2016 பருவத்துக்குள் கட்டி முடியவில்லை. அந்த வருஷம் முழுவதும் அணி சொந்த ஊர் இல்லாமல் வெளியூரிலேயே ஆடித் திரிந்தது. 2017இல் மைதானம் திறந்தது. அதே 2017இல் ஹார்ட்ஃபோர்ட் நகரம் திவால் மனு போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் நகரத்தின் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. வரி கட்டுகிறவன் மைதானத்துக்கும் கட்டினான், கடனுக்கும் கட்டினான். நடுவில் நின்று பந்தெறிந்தவன் தரையில் படுத்தான்.

2020 கொரோனா வந்தது. ஆட்டங்கள் நின்றன. வீட்டில் இருக்கும் மைனர் லீக்காரர்களுக்கு வாரம் 400 டாலர் உதவித்தொகை என்று ஏற்பாடு. ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணி, ஜூன் முதல் அதை நிறுத்துகிறோம் என்று மே மாதமே கடிதம் அனுப்பியது. உரிமையாளர் ஜான் ஃபிஷர், ‘கேப்’ துணிக்கடைச் சங்கிலியை உருவாக்கிய குடும்பத்தின் வாரிசு. அந்த வாரங்களில் டேவிட் பிரைஸ் என்ற டாட்ஜர்ஸ் பிட்சர், தம் அமைப்பின் மைனர் லீக்காரர் ஒவ்வொருவருக்கும் தம் கைப்பணத்தில் ஆயிரம் டாலர் கொடுப்பதாகச் செய்தி வந்தது. அந்த அணிக்கு அவர் அதுவரை ஒரு பந்துகூட எறிந்திருக்கவில்லை. தொழிலாளி கொடுத்தான், முதலாளி நிறுத்தினான். ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு ஃபிஷர், தவறு நடந்துவிட்டது என்று சொல்லித் தொகையைத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார். மனசாட்சி சில பேருக்குச் செய்தித்தாள் வழியாகத்தான் பேசும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பிட்சர் புத்தகத்தைத் திறந்தார். காரெட் புரோஷுயிஸ். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் கிளைகளில் ஆறு வருஷம் எறிந்தவர். மேஜர் லீகுக்குக் கூப்பிடவே இல்லை. வேறு பிழைப்பைத் தேடிக்கொள் என்றார்களே, அவர் தேடிக்கொண்ட பிழைப்பு சட்டம். வக்கீலாகி, 2014 பிப்ரவரியில் பழைய தோழர்களுக்காகத் தம் பழைய முதலாளிகள்மேல் கூலி வழக்குப் போட்டார். 2018 சட்டத்துக்கு உண்மையான தூண்டுகோல் இந்த வழக்குதான். எட்டு வருஷம் இழுத்தார்கள். 2022 மார்ச்சில் நீதிபதி, இவர்கள் வருஷம் முழுவதும் ஊழியர்களே, முகாமும் வேலையே என்று சொன்னார். விசாரணை வாசலில் நின்றபோதுதான் லீக் சமரசத்துக்கு இறங்கியது. 18.5 கோடி டாலர். வக்கீல் கூலியும் செலவும் போக, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்குத் தலைக்குச் சராசரி ஐயாயிரம் டாலர் சொச்சம். இளமையின் விலை அவ்வளவுதான்.

சமரசம் வெளியான அதே ஜூலையில், லீகின் ஆணையர் ராப் மேன்ஃப்ரெடிடம் நிருபர்கள் கேட்டார்கள்: மைனர் லீக்காரர்களுக்கு வாழப் போதுமான சம்பளம் ஏன் தருவதில்லை? சம்பளம் போதவில்லை என்ற அடிப்படையையே தாம் ஏற்கவில்லை என்றார் அவர். ஆண்டுக்குக் கோடி டாலருக்கு மேல் வாங்குகிறவர் என்று செய்தித்தாள்கள் எழுதிய மனிதர், 11,000 டாலர் போதும் என்கிறார். வயிறு நிறைந்தவன் உபவாசத்தின் மகிமை பேசுவது புதிதல்ல.

அந்த ஒரு வாக்கியம் புண்ணியம் கட்டிக்கொண்டது. யூனியன் அட்டைகள் கைக்கு வந்த இரண்டே வாரங்களில் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் குவித்தார்கள். 2022 செப்டம்பரில் மைனர் லீக்காரர்கள் வரலாற்றில் முதன்முறையாக யூனியனுக்குள் வந்தார்கள். 2023 மார்ச்சில் முதல் ஒப்பந்தம், ஐந்து வருஷத்துக்கு. சிங்கிள் ஏ 11,000இலிருந்து 26,200. டபுள் ஏ 13,800இலிருந்து 30,250. டிரிபிள் ஏ 17,500இலிருந்து 35,800. முகாமுக்கும் காசு. புதிதாகச் சேர்கிறவர்களில் 19 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்குக் கட்டு ஏழிலிருந்து ஆறு பருவம்.

இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். லீக் திவாலாகவில்லை. மைதான விளக்கு ஒன்றும் அணையவில்லை. அத்தனை வருஷம் முடியாது முடியாது என்று சத்தியம் செய்தது ஒரு பேனாக் கையெழுத்தில் முடிந்துவிட்டது. அப்படியானால் அந்த அழுகை, அந்த லாபி, அந்த 1,967ஆம் பக்கம் எல்லாம் எதற்கு? முடியாததால் அல்ல. கேட்க ஆளில்லாததால்.

கொடுத்த கையால் கொஞ்சம் எடுத்தும் கொண்டார்கள். ஓர் அமைப்பு அமெரிக்காவுக்குள் வைத்துக்கொள்ளும் மைனர் லீக்காரர்களின் உச்ச எண்ணிக்கையை 180இலிருந்து 165 ஆகக் குறைத்தார்கள். சம்பளத்தை உயர்த்தி ஆளைக் குறைப்பது எல்லா முதலாளிகளுக்கும் தெரிந்த பழைய வித்தை.

ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. டொமினிகன் குடியரசில் மேஜர் லீக் அணிகள் பயிற்சிக்கூடங்கள் வைத்திருக்கின்றன. டொமினிகன், வெனிசுலாப் பையன்களைப் பதினாறு வயதில் அங்கே ஒப்பந்தம் செய்கிறார்கள். பெரும்பாலும் பரம ஏழைகள். அங்கேயே ஒரு கோடைக்கால லீக் நடக்கிறது. 2023 ஒப்பந்தம் அந்தப் பையன்களைச் சேர்க்கவில்லை. யூனியன் வரம்பு அமெரிக்க எல்லையோடு நின்றுவிட்டது. பந்து மட்டும் எல்லை தாண்டும்.

ஜான் ஃபிஷர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2023இல் நெவாடா மாநிலம் அவருக்கு லாஸ் வேகாஸில் மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டது. வாரம் 400 டாலர் கொடுக்க மனமில்லாதவருக்கு வரி கட்டுகிறவர்களின் பணம் கோடிக்கணக்கில். அந்த மைதானம் எழும்பும் வரை அவருடைய மேஜர் லீக் அணிக்கு ஊரில்லை. 2025 முதல் அது மேற்கு சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் கொள்ளும் ஒரு மைனர் லீக் மைதானத்தில் ஆடுகிறது. டிரிபிள் ஏ பையன்கள் ஆடும் அதே புல்வெளி. டிக்கெட் மட்டும் மேஜர் லீக் விலை.